கீழே இருந்தார்

சம வாய்ப்பு மையம்
இரண்டாம் மாடியில் இருக்கிறது.
பலகை தேக்கு, எழுத்து பித்தளை.
காரைக்குடியில் எதைச் செய்தாலும்
கொஞ்சம் கனமாகத்தான் செய்வோம்.

மின்தூக்கி உண்டு.
அதன் கதவில் 'பழுது' என்று
நான்தான் தட்டச்சு செய்து ஒட்டினேன்,
போன வருஷம் ஆடியில்.
தாள் மஞ்சளாகிவிட்டது.
பசை மட்டும் நல்ல பசை.

கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை,
பதினோரு வருஷத் தொகுப்பூதியம்.
யார் வந்தார், யார் வரவில்லை,
யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார்,
தேநீர் பதினாறு, வடை பதினாறு
(இது வேறு பதிவேட்டில்).

ஆவணிக் கூட்டத்துக்கு
மாணவர் உறுப்பினராகச் செவ்வந்தி வந்தாள்.
முதுகலை, கணிதம்.
கல்லலிலிருந்து ஷேர் ஆட்டோவில்,
சக்கர நாற்காலியைப் பின்னால்
சைக்கிள் டியூபால் கட்டிக்கொண்டு.
படிக்கட்டின் அடியில் நின்றாள்.
நின்றாள் என்று எழுதிவிட்டேன்,
திருத்தம்: அமர்ந்திருந்தாள்.

மேலே
பன்மையைப் போற்றுதல் பற்றி
ஒருவர் நாற்பது படம் போட்டார்.
இருபத்தாறாவதில் ஒரு சக்கர நாற்காலி,
பனி விழும் ஏதோ ஊர்,
சிரிக்கும் ஏதோ பெண்.

"நாலு பசங்களைத் தூக்கிட்டு வரச் சொல்லவா?"
பதிவாளர் நல்ல மனுஷர்.
உண்மையாகவே கேட்டார்.
இறங்கிப் போய்ச் சொன்னேன்.
அவள் சிரித்தாள்:
"நாலு பேர் தூக்கிட்டுப் போற வேளை
எனக்கு இன்னும் வரலைக்கா."

சாயங்காலம் குறிப்பு எழுத உட்கார்ந்தேன்.
வருகைப் பட்டியலில் இரண்டே கட்டம்:
வந்தவர், வராதவர்.
வராதவர் கட்டத்தில்
பேனா நகர மறுத்தது என்று சொன்னால்
கேட்க நன்றாக இருக்கும்.
பேனா நன்றாகவே நகர்ந்தது.
'செவ்' வரை எழுதியும்விட்டேன்.
அப்புறம்தான் அடித்துவிட்டு
ஓரத்தில் மூன்றாவதாக ஒரு கோடு கிழித்தேன்:
"செவ்வந்தி. கீழே இருந்தார்,
10.20 முதல் 12.45 வரை."

சிவப்பு மையில் சுழித்து அனுப்பினார்.
திரும்ப அடித்தேன், அதே வரி.
திரும்பவும் சுழித்தார்.
மூன்றாம் முறை கையெழுத்துப் போட்டார்,
களைப்பிலா வெட்கத்திலா
எனக்குத் தெரியாது.

புரட்டாசிக் கூட்டம்
சைக்கிள் கொட்டகையில்.
பேராசிரியர்கள் ஆளுக்கொரு நாற்காலி சுமந்து
செம்மண் மிதித்து வந்தார்கள்.
தகரத்தில் மழை.
பிளக் பாயிண்ட் இல்லை, படம் ஓடவில்லை.
சைக்கிள் எடுக்க வந்தவர்கள்
எடுக்காமல் நின்றார்கள்.

இன்பரசு சொன்னான்:
"உதவித்தொகைப் பட்டியலை ஒட்டுறீங்க.
பணம் மாசியிலதான் வருது.
என் சாதி மட்டும் அன்னைக்கே
கேன்டீன் வரைக்கும் போய்ச் சேர்ந்திடுது."

யாழ்மொழி சொன்னாள்:
"பழைய பேரைத்தான் கூப்பிடுறாங்க.
அதுக்கு 'உள்ளேன்' சொல்ல வாய் வரலை.
தினமும் முதல் பெஞ்சுல இருக்கேன்.
வருகை முப்பத்தொரு சதவீதம்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.
இவளுக்கு எந்தக் கட்டம்?

தையில் சாய்தளம் வந்தது,
ரிப்பனோடு.
கைதட்டல் முடிகிற வரை பொறுத்து
செவ்வந்தி டேப்பை எடுத்தாள்.
ஓரடி உயரப் பன்னிரண்டடி நீளம் வேண்டும்.
இதில் ஐந்தரை.
"ஏறலாம், சார்," என்றாள்,
"வண்டியை விட்டுட்டு."

இடித்துக் கட்டச் சொல்லிக்
கோப்பு போயிருக்கிறது.
பட்டியலை ஒட்டுவது நின்றுவிட்டது.
யாழ்மொழிக்கு ஒரு துறையில் மட்டும்
சொந்தப் பெயர் கிடைத்திருக்கிறது.
மின்தூக்கியில் என் தாள் அப்படியே.
கூட்டம் இன்னும் கொட்டகையில்தான்.

தணிக்கைக்கு வந்தவர்
குறிப்பேட்டைப் புரட்டி
விளிம்பெல்லாம் சிவந்திருப்பதைக் காட்டிக் கேட்டார்:
"என்னம்மா கறை இது?"

கூட்டம் நடந்த இடம்,
என்றேன்.