ரம்பத்தின் பங்கு

சிலோயே தீவில் ஜூலை மழை
நிற்பதில்லை. இளைப்பாறும், அவ்வளவுதான்.
தகரக் கூரைக்கடியில்
மின்கட்டண ரசீதைக் கவிழ்த்துப் போட்டு
அதன் முதுகில்
பலகை வரைகிறாள் எதுவீனா பர்ரியா.

தீயணைப்புக் கூடத்துக்கு ஐந்து பெஞ்சு.
பெஞ்சுக்கு இரண்டு குறுக்குச் சட்டம்.
சட்டம் ஒன்று முந்நூற்றிருபது மில்லிமீட்டர்.
கையிலிருக்கும் சைப்ரஸ் பலகையோ
மூவாயிரத்து இருநூறு.
பத்தால் வகுத்தாள். மீதி பூஜ்யம்.
அந்தப் பூஜ்யத்தைச் சுற்றி
இன்னொரு வட்டம் போட்டாள்,
மோதிரம் மாட்டுவதுபோல.

பெருமைப்படக் காரணம் இருந்தது.
இந்தப் பலகை படகேறி வந்தது.
நீள அளவில் கட்டணம் கேட்கிற படகில்
மரத்துக்குக் கொடுத்த காசில்
மனிதர் நாலு பேர் போய்வரலாம்.

வேலை என்றால் அவளுக்கு
முதலில் கால்களின் வேலை.
எழுந்து நடக்கவேண்டிய எதையும்
எட்டும் தூரத்துக்கு இழுத்துக்கொள்வாள்:
மூலைமட்டம், பென்சில், தூள் வாளி.
வேலியில் ஒரு நிறுத்துக்கட்டையை முடுக்கினாள்.
ஒருமுறை அளந்தால் போதும்,
பத்துமுறை முட்டி நிற்கும்.

மைத்துனன் ரொசாமெல்
ரசீதை எட்டிப் பார்த்தான்.
ஒன்பதரை விரல்காரன்.
ஏதோ சொல்ல வாயெடுத்து
மாத்தே குடித்தான்.

ஒன்று.
இரண்டு.
மரம் வெண்ணெய்போல் நகர்ந்தது.
ஆறாவதில் கணுவொன்று கிறீச்சிட்டது, பிறகு விட்டுக்கொடுத்தது.
ஒன்பது வெட்டு.
பத்தாவது துண்டைத் தள்ளி வைத்தாள்.
கட்டையை அது தொடவில்லை.
இடையில் வெளிச்சம்.

இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று.
திரும்ப அளந்தாள். டேப்பை மாற்றி அளந்தாள்.
"பலகைக்காரன் ஏமாற்றிவிட்டான்."

ரொசாமெல் குனிந்து
மஞ்சள் தூளை ஒரு கை அள்ளி
ரசீதின் மேல் வைத்தான்.
"இதோ, உன் இருபத்தேழு."

ரம்பப் பல்லின் அகலம்
கிட்டத்தட்ட ஒரு நூல்.
கண்ணுக்குத் தெரியாத கடி.
ஒன்பது கடி சேர்ந்தால்
பெருவிரல் அகலம்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடவேண்டும்;
அளந்துதான் போட்டாள்.
ஆற்றை அளக்கவில்லை.

அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை.
சாக்பீஸால் "விறகு" என்று தானே எழுதி
சுவரோரம் சாய்த்திருந்த பிளந்த பலகையைத்
தட்டித் தட்டிக் கேட்டாள்.
ஒரு முனையில் நாற்பது சென்டிமீட்டர்
இன்னும் திடமாகப் பதில் சொன்னது.
"விற" வரைக்கும் வெட்டினாள்.

வியாழக்கிழமை பெஞ்சுகள் போயின.
ஈர பூட்ஸோடு தீயணைப்பு வீரர்கள் அமர்ந்தார்கள்.
அடியில் ஒரு சட்டம் மட்டும் கறுத்திருப்பதை
குனிந்து பார்க்க அங்கே யாருக்கும் அவசியமில்லை.
தூள் மூட்டை
பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டுக்குப் போனது,
பதிலுக்கு ஐந்து முட்டை வந்தது.
இருபத்தேழு மில்லிமீட்டர்
ஒருவழியாகத் தட்டுக்குத் திரும்பியது.
உப்பு சற்றுக் கூடுதல்.

குட்டைத் துண்டை எறியவில்லை.
நுனியில் கிளியின் அலகுபோல்
ஒரு வெட்டு வெட்டி
ரம்ப மேசையருகே ஆணியில் மாட்டினாள்.
கடைசி ஒரு சாண் தூரம்
பலகையைத் தள்ளிக்கொண்டு
விரலுக்குப் பதில் இப்போது அது போகிறது.
ரொசாமெல் அதை எடுக்கும்போதெல்லாம்
அரை விரல்தான் முதலில் பிடிக்கிறது.

இப்போது அவள் வரைகிற பலகைகளில்
கோடுகள் இரட்டையாக ஓடுகின்றன,
நடுவில் பென்சில் அப்பிய கறுப்பு.
"இந்தப் பட்டை எதற்கு?" என்று
ஜன்னல் கேட்டு வந்தவர் கேட்டார்.
"இங்கே மூன்று பேர் வேலை செய்கிறோம்," என்றாள்,
"மூன்றாவது ஆளின் பங்கு."

தள்ளுகோலை நேற்று அளந்து பார்த்தாள்.
இருநூற்று எண்பத்தொன்று.
ரம்பம் அதையும்
கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்கிறது.
அந்தக் கணக்கை மட்டும்
அவள் எங்கும் எழுதி வைக்கவில்லை.