மேல ஊர் எண்ணெய்

பகலெல்லாம் லெ கோல் ஆலைக்கு
இருபது டன் கரும்பு இழுக்கிறேன்.
அந்த லாரியில் எனக்குச் சொந்தம்
இருக்கையில் விரித்த துண்டு மட்டும்.

இரவில் என் வண்டி மேசைமேல் ஏறும்.
மூன்றரைக் கிலோ. நான்கு சக்கரமும் இழுக்கும்.
மகாலி தட்டெடுக்கும்வரை பொறுக்காமல்
கழற்றிய திருகுகளை உப்புக் கிண்ணத்தில் போடுவேன்.
ஒருநாள் சோற்றில் ஒன்று வந்தது.
துப்பினாள், விளக்கில் பிடித்துப் பார்த்தாள்,
"மூணு மில்லிமீட்டர்" என்று சரியாகச் சொன்னாள்.

பிரான்சிலிருந்து அலுமினியக் கைகள் வரவழைத்தேன்,
சக்கரத்தைச் சேஸிஸோடு கோக்கும் கைகள்.
சாமான் ஒரு விலை, கப்பல் ஒரு விலை,
தீவுக்குள் நுழையக் கடல்வரி வேறு.
நீலம். அப்படியொரு நீலம்.
பிளாஸ்டிக் கைகளைப் பிஸ்கட் டப்பாவில் எறிந்தேன்.
மோட்டார் பினியனில் ஒரு பல் கூட்டினேன்.
ஷாக்குகளுக்கு ஐந்நூறு எண்ணெய்:
ஊற்றி, பிஸ்டனை மெல்ல மேலும் கீழும் இழுத்து,
கடைசிக் குமிழி ஏறி உடையும்வரை
மூச்சை அடக்கிக் காத்திருந்தேன்.

ஒரு சாண் உயரத்திலிருந்து விட்டேன்.
மெத்தென்று அமர்ந்தது. துள்ளவில்லை.
அதோடு விட்டிருக்கலாம்.

ஆகஸ்ட், ஞாயிறு. பந்தயம் மேலே,
பிளேன் தே காஃப்ரில், மாட்டுப் பண்ணை ஓரம்.
தாம்போன் தாண்டியதும் காது அடைத்தது.
மகாலி கண்ணாடியை ஏற்றினாள்.
இருபத்தேழாம் கிலோமீட்டர் என்றே பேர்கொண்ட ஊரில்
புல்லெல்லாம் வெள்ளை. ஐந்து டிகிரி.

முதல் மேட்டிலேயே வண்டி எகிறியது.
சிறு குண்டுகுழிக்கெல்லாம் தத்தித் தத்தி,
கடுகு காய்ந்த எண்ணெயில்தான் வெடிக்கும்,
எனக்கோ குளிர்ந்த எண்ணெயில் வெடித்தது.

அப்போதுதான் உறைத்தது:
நான் எண்ணெய் ஊற்றியது சேன் பியேரில், கடற்கரையில்.
புட்டியில் ஐந்நூறு என்று எழுதியவன்
எந்தக் குளிரில் என்று எழுதவில்லை.
மெல்லிய எண்ணெயா?
வீட்டில். உப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில்.

காப்பிக்கென்று கொண்டுவந்த வெந்நீர்ப் பிளாஸ்கில்
நான்கு ஷாக்குகளையும் பையில் கட்டி இறக்கினேன்.
மகாலி ஒன்றும் சொல்லவில்லை.
காப்பித்தூளை மூடிவைத்தாள்.

எங்கள் பிரிவின் கடைசி ஓட்டம், ஐந்து நிமிடம்.
முதல் இரண்டில் என்னைப் பிடிக்க ஆளில்லை,
மண்ணை நக்கிக்கொண்டே ஓடியது.
மூன்றாவதில் ஒரு தத்தல்.
பிறகு சுற்றுக்குச் சுற்று
வெந்நீர் வண்டியைவிட்டு இறங்கிப் போனது.
இரட்டை மேட்டில் குறுக்கே பறந்து
ஓரக் குழாயில் அடித்தேன்.

நீலக் கையில் ஒரு கீறல் இல்லை.
அது வாங்க மறுத்த அடியை
சேஸிஸ் வாங்கியிருந்தது,
முன்பாதி தனியாக.

ஓடி முடித்தவன் அடுத்த பந்தயத்தில்
கவிழும் வண்டிகளை நிமிர்த்த வேண்டும். விதி.
எனக்கு ஒதுக்கிய இடம் அதே குழாய்.
ஜோஸ்லின் சினாப்பினின் வண்டி வந்து மோதியது,
அதே வேகம், அதே கோணம்.
வில்லாய் வளைந்த பிளாஸ்டிக் கை
நான் ஓடிச் சேருமுன் நேராகியிருந்தது.
நிமிர்த்தும் அந்த அரை நொடியில்
ஒரு விரலால் அழுத்திப் பார்த்தேன். திருட்டுத்தான்.
மெத்தென்று இறங்கியது.

"என்ன எண்ணெய் போட்ட?" பிறகு கேட்டேன்.
பிரஷ்ஷால் சேற்றைத் தட்டிக்கொண்டே சொன்னாள்:
"மேல ஊர் எண்ணெய்."

இறங்கும்போது வளைவுக்கு வளைவு சூடு ஏறியது.
மகாலி கண்ணாடியை இறக்கினாள்.
சமையலறையில், உடைந்ததை மேசைமேல் வைத்து
முழுசாக மிஞ்சிய பின்பக்கத்தை அழுத்தினேன்.
இறங்கியது. எழுந்தது. துள்ளாமல், சத்தமில்லாமல்,
இந்த வீட்டுக்கு மிகச் சரியாக.

விடிந்தால் நாலரைக்கு லாரி.
மகாலி பிஸ்கட் டப்பாவைத் திறந்து
என் பக்கம் தள்ளிவிட்டுக் காப்பி போட்டாள்.
உப்புக் கிண்ணத்தை மட்டும்
மேல் தட்டில் ஏற்றினாள்.