வாசம் போன வருஷம்

முதலில் போனது மூக்கு.
அதை யாரும் நோய் என்று சொல்லவில்லை,
தடிமன் என்றார்கள்.

இருபத்திரண்டு வருஷம் ஸ்டோரில் ராத்திரி வேலை.
அரைத்த கொழுந்தைத் தட்டில் பரப்பிவிட்டு
மணிக்கூட்டை அல்ல, மூக்கை நம்பி நின்றவன்.
பச்சை வாடை விலகி, செம்பு நிறம் ஏறி,
அரைப்பழ ஆப்பிள் மணம் எழும்பும் ஒரு நிமிஷம்,
"போடு அடுப்புக்கு" என்பேன்.
அந்த மார்கழியில் அந்த நிமிஷம் வரவேயில்லை.
குனிந்து குனிந்து பார்த்தேன்.
மூன்று ராத்திரித் தூள் புளித்துப்போனது.
டீமேக்கர் என் வாயை முகர்ந்து பார்த்தார்,
குடித்திருக்கிறேனோ என்று.

பிறகு எழுத்து.
புத்தகத்தில் தேதி பெரிதாகத் தொடங்கி
கையெழுத்துக்கு வரும்போது எறும்பாகிவிடும்.
கிளார்க் குலேந்திரன் கேட்டான்,
"மையை மிச்சம் பிடிக்கிறீங்களா அண்ணே?"
சிரித்தேன்.
முகம் சிரிக்கவில்லையாம்.
இந்திராணிதான் வீட்டில் சொன்னாள்:
"ஒங்க மூஞ்சிக்கு யாரு பூட்டுப் போட்டது?"

கை கடைசியில்தான் வந்தது.
வலது பெருவிரல் மட்டும், சும்மா இருக்கையில்,
காணாத காசை எண்ணிக்கொண்டு.

கண்டி பெரியாஸ்பத்திரி, நரம்புக் கிளினிக்,
நம்பர் நூற்றுப் பதினாறு.
டொக்டர் நோனா பாதித் தமிழில்
துண்டின் பின்பக்கம் மூளை வரைந்தாள்.
நடுவில் கறுப்பாய் ஒரு திட்டு இருக்குமாம்,
கை காலை ஓட்டும் ரசம் அங்கேதான் ஊறுமாம்,
அந்தக் கறுப்பு வெளுத்துக்கொண்டு வருகிறதாம்.
பாதிக்குமேல் வெளுத்த பிறகுதான்
விரல் ஆடத் தொடங்குமாம்.
"ஏன் நோனா?"
பேனையை மூடினாள்.
"தெரியாது" என்றாள்,
அந்த ஒரு சொல்லை மட்டும் சுத்தத் தமிழில்.

பச்சையைக் கறுப்பாக்கிக் கூலி வாங்கினவன் நான்.
இந்த வெளுப்பை எந்த அடுப்பில் போட்டு நிறுத்துவது?
பஸ் ரம்பொடை வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தது.
பக்கத்தில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தது.
எனக்கு மணக்கவில்லை. அதுவும் ஒரு சௌகரியம்.

இப்போது வாசல்தான் எதிரி.
காம்பராவுக்குள் நடக்கிறேன்,
நிலைப்படி வந்ததும் பாதம் தரையில் ஒட்டிவிடும்.
போ என்கிறேன். போ.
அது என் காது கேட்கச் சொல்வது,
காலுக்குப் போய்ச் சேருவதில்லை.
பின்னால் மகன் ஸ்கூல் பையோடு
நேரமாச்சு என்று சொல்லாமல் நிற்பான்.

மாத்திரை ஆஸ்பத்திரியில் முடிந்துபோன மாதம்
வெளியே வாங்க வட்டகொடைக்கு
ரெயில் பாதையில் இறங்கினோம்.
கட்டை, கல், கட்டை, கல்,
ஒவ்வொரு சிலிப்பர் கட்டைக்கும் கால் தானாகத் தூக்கியது.
இளவட்டம்போல் போனேன்.
தந்திக் கம்பத்தில் ஒரு குருவி திரும்பிப் பார்த்தது,
அல்லது பார்த்ததாக எனக்கொரு ஆசை.
இந்திராணி பின்னால் வந்தாள், ஒன்றும் பேசவில்லை.
பதுளை ரெயில் ஊதியபோது மட்டும்
சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

மறுநாள் விடிய எழும்பினால்
நிலைப்படிக்கு இப்பால் நாலு, அப்பால் மூன்று,
வெள்ளைக் கோடுகள்.
கொழுந்து மடுவத்தில் மிஞ்சிய பெயின்ட்.
பக்கத்துக் காம்பரா லூர்துசாமி கேட்டான்,
"இது வழியா எத்தன மணிக்கு ரெயிலு?"
ஏழு கோட்டையும் தாண்டிப்போய் அவன் முன்னால் நின்றேன்.
பிறகு திரும்பத்தான் முடியவில்லை,
அவனே பிடித்துத் திருப்பிவிட்டான்.

ராத்திரி, தூங்குமட்டும்
தலகாணிக்கடியில் விரல் எண்ணிக்கொண்டே கிடக்கும்.
பெட்டியில் ஒரு பொட்டலம் வைத்திருந்தேன்,
ஏற்றுமதிக்குப் போகும் முதல் தரம்,
வேலை விட்ட அன்று எடுத்தது. சரி, திருடினது.
"மோந்து சொல்லு" என்றேன்.
இருபத்தாறு வருஷம் கொழுந்து கிள்ளினவள்,
வீட்டுக்கு வருவது கழிவுத் தூள்தானே,
இதை அவள் மோந்ததே இல்லை.
காகிதத்துக்குள் முகத்தைப் புதைத்தாள்.
ரொம்ப நேரம்.

"சொல்லேன்."

"இருங்க" என்றாள்.