சம்பளச் சீட்டின் பின்பக்கம்

கருமாதி முடிந்த மூன்றாம் நாள்
அத்தையின் தகரப் பெட்டியை இறக்கினோம்.
சங்கத்து ஞானப்பிரகாசம் சொல்லியிருந்தார்:
அடையாள அட்டையில் பூங்காவனம்,
செக்ரோலில் பூங்கவனி,
ரெண்டும் ஒரே ஆள்தான் என்று காட்ட
சம்பளச் சீட்டு ஒன்றுவிடாமல் வேணும்,
இல்லாவிட்டால் சேமலாபக் காசு
கொழும்பிலேயே கிடக்கும்.

ஒன்றுவிடாமல்தான் வைத்திருந்தார்.
சாக்குச் சணலால் வருசத்துக்கு ஒரு கட்டு.
இருபத்தொன்பது கட்டு.
பூச்சி அரிக்காதிருக்க
இடையிடையே டர்பன்டைன் இலை.

முன்பக்கம் எங்களுக்குத் தெரிந்த கதை:
அரிசி, மா, தேத்தூள், கோயில் வரி, சந்தா,
ஆடி வரைக்கும் அறுத்து முடியாத தீபாவளி முற்பணம்.
நிறை குறைந்த மழைநாளெல்லாம் அரைப்பேர்.
"முழுசாத்தான் பேரு வச்சா எங்காத்தா,
பாதியத்தான் எழுதுறானுக" என்பார்,
கூடையை இறக்கிக்கொண்டே.

பின்பக்கத்தைத் திருப்பியது என் மகள்.

பென்சில். அடுப்புக்கரி. மஞ்சள்.
வேட்டிக்குப் போடும் நீலம்.
கையெழுத்துக்குப் பெருவிரல் வைத்த மனுஷி
மாதத்துக்கு ஒன்றாக
வரைந்து தள்ளியிருந்தார்.

கண்டக்டரையாவின் மூக்கிருக்கும் இடத்தில் ஓர் அட்டை,
நன்றாகக் குடித்துக் கொழுத்தது.
பீலியடியில் வரிசை நிற்கும் வாளிகள்,
ஒவ்வொன்றுக்கும் சண்டைக்கு நிற்கும் வாய்.
துரை பங்களா ரோசாவைத் தின்ற ஆடு
பூப்பூவாகப் புழுக்கை போடுகிறது.
என் வீட்டுக்காரரின் விழுந்த பல்,
ஒரு தாள் முழுக்க.

சிரித்துச் சிரித்து
ஒரு ஜூன் மாதத்துக்கு வந்தோம்.
அதில் ஒரே கோடு.
மேலிருந்து கீழே,
தாள் கிழியும் அளவு அழுத்தி.
"மண் சரிஞ்ச மாசம்.
சின்னவன் வதனகுமாரு" என்றார் பெரிய மதினி.
பிறகு தேத்தண்ணி ஊற்றப் போனார்.

நாங்கள் அறிந்த கைவேலை வேறு.
ஐந்து பிள்ளை, மூன்று மருமகள்,
சனிக்கிழமைகளில் விழுந்து கிடக்கும் மாமா,
எல்லாருக்கும் ஒரே காம்பரா.
பழஞ்சேலைகளை ஒட்டித் தைத்து மறைப்புக் கட்டி
அதற்குள் நாலு வீடு எடுத்தார்.
ஒவ்வொரு மறைப்பிலும் ஒரு ஜன்னல் தைத்தார்.
ஜன்னலுக்கு வெளியே கடல்.
கடலைப் பார்த்ததில்லை,
அதனால் அது பச்சை.
அந்தப் பச்சைக் கடலோரம்தான்
என் பிள்ளைகள் இரண்டும் பிறந்தன.

நான் அட்டன் டவுன்காரி.
மடக்குக் குடையோடு வாழ வந்தவள்.
முதல் ஆறு மாதம் என்னோடு பேசியது
உப்பு, விறகு, தண்ணி.
மூன்று சொல். அதற்கு மேல் இல்லை.

என் கல்யாண மாதத்தைத்
தனியாக எடுத்து, முதுகைக் காட்டிக்கொண்டு பார்த்தேன்.
சாய்ந்து பெய்யும் மழை.
தலை இல்லை, முகம் இல்லை,
குடைக்குக் கீழே நேராக இரண்டு கால், கொலுசு.
அந்தக் கால்களுக்கு நடுவில்
நனையாமல்
ஓர் அடுப்பு எரிகிறது.

இதை வாயால் சொல்லியிருக்கலாம், அத்தை.
பதினேழு வருசம் இருந்தது.

பொகவந்தலாவையில் ஏறி நோர்வூட்டில் பஸ் மாறி
தொழில் திணைக்களத்துப் பெஞ்சில் இரண்டு மணி நேரம்.
எழுதுவினைஞர் முன்பக்கம் மட்டும் பார்த்தார்.
துளை போடும் கருவியை எடுத்தார்.
ஆட்டின் வயிற்றில் ஒரு துளை.
பல்லின் வேரில் ஒன்று.
அந்தக் கோட்டின் மேல் விழுமோ என்று
மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.
தப்பியது, ஓரமாக.

"முந்நூற்று நாற்பத்தேழு" என்றார்.
"ஒரு மாசம் இடிக்குதே.
வேலைக்குப் போகல்லையா?"

"வீட்டில கல்யாணம்" என்றேன்.

கட்டத்துக்குள் சிவப்பில் ஒரு சுழியம் போட்டார்.

கைப்பையில் நாலாய் மடித்த தாளின்
முன்பக்கம் எனக்குத் தெரியும்:
இருபத்தாறு நாள்.
இருபத்தாறும் முழுப்பேர்.