கவிழ்ந்த பூவுக்குக் கண்ணாடி

ஒஸ்லோ மச்சாள் கொண்டுவந்த காலுறைக்குள்
மூன்று கிழங்கு.
நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வந்தவள்
தேருக்கு அடுத்தநாள்தான் ஞாபகம் வந்து எடுத்துத் தந்தாள்.
"ஃபிரிட்டிலாரியா. சதுரம் சதுரமாய்ப் பூக்கும்."
எந்த ஃபிரிட்டிலாரியா என்று கேட்டேன்.
"அப்படி வேற வேற இருக்கோ?"

இருக்கிறது.
நூறுக்கு மேல்.
திருநெல்வேலி விதைப் பரிசோதனைக் கூடத்தில்
பதினாறு வருஷம்
பெயரில்லாத பையை மேசையில் வைக்க விடாதவள் நான்.

குளிர் வேண்டுமாம்.
மோர்மிளகாய்ப் போத்தலுக்குப் பின்னால்
பன்னிரண்டு கிழமை.
கரண்ட் போன இரவுகளில் ஐஸ் வாங்கி அடுக்கினேன்.
ஒருநாள் இவர் உள்ளி என்று நினைத்து
ஒன்றை உரித்துவிட்டார், ரசத்துக்கு.
நஞ்சு என்று நான் கத்தின கத்தலில்
கிணற்றடிக் காகம் எழும்பியது.
மிச்சம் இரண்டு.

கோண்டாவில் செம்மண் பாதி, மணல் பாதி.
மார்கழி முடிய ஒன்று மட்டும் மூக்கை நீட்டியது.
இலை சாம்பல் பச்சை,
வெங்காயத் தாளைவிட அகலம்.
தை கடைசியில் மொட்டு
தலையைக் குனிந்துகொண்டே விரிந்தது.
சதுரம் இல்லை.
பனங்கட்டி நிறத்தில் ஒரு மணி,
வாயைச் சுற்றி மஞ்சள் கரை.
படம் அனுப்பினேன்.
"கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்" என்றாள் மச்சாள்.

அப்படியென்றால் இரண்டில் ஒன்று.
நரித்திராட்சை என்று பொருள்படும் ஊவா-வுல்பிஸ்,
இல்லாவிட்டால் மிகைலோவ்ஸ்கி.
வெளியில் இரண்டுக்கும் ஒரே முகம்.
தம்பம் பிரியாமல் ஒற்றையாய் நின்றால் முதலாவது,
நுனி மூன்றாய்ப் பிரிந்தால் மற்றது.
பார்க்கவேண்டுமென்றால் பூவை நிமிர்த்தவேண்டும்.
காம்பு நூல்.
இருப்பது ஒரு பூ.

பொட்டு வைக்கிற சின்னக் கண்ணாடியைக்
கீழே பிடித்தேன். முழங்காலெல்லாம் மண்.
கேசரங்கள் ஆறு. ஒரு கட்டெறும்பு.
நடுவே தம்பம், மூச்சு விட்டால் ஆடுகிறது,
நுனியில் மூன்று.
மூன்றுதான்.
கை உளைந்து கொஞ்சம் சரித்தபோது
பூவுக்கு அப்பால், வேலிக்கு அப்பால்,
மேசன் அருள்நேசனின் உடுப்புக் கொடியில்
ஊதாவும் வெள்ளையுமாய் ஒரு பெட்டிச் சாரம்
சொட்டிக்கொண்டிருந்தது.
மச்சாள் சொன்ன சதுரம்.

யோகட் கப்பை வெட்டி எழுதினேன்:
மிகைலோவ்ஸ்கி. திகதி. இடம்.
பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டு
அதை விரலால் அழித்தேன்.
எழும்பாத மற்றக் கிழங்குக்குப் பக்கத்தில்
கேள்விக்குறியை மட்டும் எழுதி
இன்னொரு துண்டு நட்டேன்.
இவர் கேட்டார், அது என்ன இனம் என்று.