முப்பதுக்கு ரெண்டு

பேரணாம்பட்டு ஷூ கம்பெனியில்
சனிக்கிழமை மதியம் மெஷின்களை நிறுத்தினார்கள்.
வேலூரிலிருந்து வந்த நர்ஸ் ஷீபா
பெட்டியைத் திறந்து ஓர் ஆளை எடுத்து வைத்தாள்.
இடுப்போடு முடிந்துபோன ஆள்,
வாய் பிளந்து கிடந்தான்.
"காலே இல்லாதவனுக்கு
ஷூ கம்பெனியில இன்னா வேலை?" என்றாள் பௌசியா.

நடு நெஞ்செலும்பில் உள்ளங்கையின் அடி.
முழங்கை மடங்கக் கூடாது.
ரெண்டு அங்குலம் இறங்கணும்,
முழுசா ஏறி வர விடணும்.

பதினாலு வருஷமாய்த் தோல் பார்த்த கை.
ஆடா மாடா, வயிறா முதுகா,
தடவினாலே சொல்லிவிடும்.
இது எதிலும் சேராத ரப்பர்.
அழுத்தினேன். உள்ளே டக்கென்றது.
டக்கென்றால் ஆழம் சரியாம்.

"விலா முறிஞ்சிட்டா?"
"முறியட்டும், நிறுத்தாதே.
செத்துக் கிடக்கிறவரை அதுக்கு மேல
நீ இன்னா பண்ணிடப் போற?"

முப்பது அழுத்து, ரெண்டு ஊது.
இருபத்திரண்டிலேயே எனக்கு இரைத்தது.
108 வருகிற வரைக்கும் என்றாள்.
சாத்கர் மலையடிக்கு அது எப்போது வரும் என்று
எங்களுக்குத் தெரியும்.
கொஞ்ச நேரம் ஃபேன் மட்டும் சுற்றியது.
"அப்போ மாத்தி மாத்தி அழுத்தலாமா?"
பௌசியாதான் கேட்டாள்.
அன்றைக்குக் கேட்ட ஒரே நல்ல கேள்வி.

வேனில் திரும்பும்போது
தூங்குகிற நெஞ்சுகளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.
டிரைவருக்கு மூன்றாவது பொத்தான்.

பதினொரு நாள் கழித்து, கேன்டீனில்,
சூப்பர்வைசர் தணிகைவேல் எழுந்து நின்றார்.
பாத்ரூமுக்கு ரெண்டு தரம் போனேன் என்று
என் அரை நாள் கூலியை வெட்டியவர்.
கழுத்தில் ரெண்டு கை. குஸ்கா தட்டு.
இருமல் இல்லை, சத்தமே இல்லை.
தண்ணி, தண்ணி என்று ஓடினார்கள்.
தண்ணி கூடாது.

குனிய வைத்தேன்.
தோள்பட்டைகளுக்கு நடுவே அஞ்சு அடி.
மூன்று அவருக்காக.
மீதி ரெண்டும் அவருக்காகத்தான்,
வேறு கணக்கில்.

வரவில்லை.
பின்னால் போய் இடுப்பைச் சுற்றிக் கட்டினேன்,
தொப்புளுக்கு மேலே முஷ்டி,
அதன்மேல் இன்னொரு கை.
நூற்றறுபது பேர் பார்க்க
வீட்டுக்காரரைக்கூட நான் இப்படிப் பிடித்ததில்லை.
உள்ளே, மேலே.
உள்ளே, மேலே.
மூன்றாவதில்
ணங்கென்று தட்டில் விழுந்தது
கட்டைவிரல் நகமளவு எலும்பு.

அவர் மூச்சு இழுத்த சத்தம்,
கம்ப்ரசரில் காற்று திறந்ததுபோல.
அழுதார். சட்டை நனைந்தது.
டாக்டரிடம் வயிற்றைக் காட்டுங்க என்றேன்.
அதுவும் பாடத்தில் இருந்தது.

மறுவாரம் அதே ரெஜிஸ்டர், அதே பேனா.
என் முகத்தைப் பார்க்காமல்
ஆறு நிமிஷம் என்று எழுதினார்.
நான் போனது பத்து.
கடிகாரம் ஸ்லோவோ என்னவோ.

கேட்கவில்லை. பெடலை மிதித்தேன்.
முப்பது தையலுக்கு ஒரு தரம்
கால் தானாக நிற்கிறது.