எழுத்தின்படி

தேவகோட்டை கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை மாடியில் எனக்கொரு மேசை.
ஆங்கிலப் பத்திரத்தைத் தமிழாக்கித் தருவேன்,
பக்கத்துக்கு நூற்றைம்பது.

போன வாரம் ஈப்போவிலிருந்து ஓர் உயில்.
வீடும் அதற்குள் இருக்கிற யாவும்
உயிரோடிருக்கும் என் ஆண்மக்களுக்கே;
இவ்வாசகத்துக்கு லிட்டரல் பொருளே கொள்க.

அங்கே நின்றுவிட்டது கை.
சின்னஞ்சிறு பெயரடை.
சொல்லுக்குச் சொல்லான என்கிறது அகராதி,
நேர்ப்பொருளான என்கிறது,
எழுத்தின்படியான என்றும்.

கீழே ஜெராக்ஸ் பையன் போனில்,
"லிட்டரலா செத்துட்டேன் மச்சி, என்னா வெயிலு!"
செத்தவன் டீ உறிஞ்சும் சத்தம்
மாடிவரை கேட்கிறது.

மூத்த மகன் வயிரவன் வந்தார்.
"உள்ளேன்னா உள்ளே. இதுல என்ன வியாக்கியானம்?"
நேர்ப்பொருள் என்று போட்டால்
இரண்டாம் கட்டு வௌவால்களும்
கிணற்றடி ஈரமும்
பூட்டிய அறையில் முப்பது வருடத்து இருட்டும்
அவருக்குப் பாதி, தம்பிக்குப் பாதி.
சொல்லவில்லை. முன்பணம் தந்திருந்தார்.

மறுநாள், பள்ளத்தூர் பஸ்ஸில் இறங்கி
உமையாள் வந்தார்.
நடு மகனின் மனைவி. அவர் போய் ஆறு வருடம்.
கையில் ஒரு பித்தளைத் தூக்கு.
கேட்காமலே என் காகிதங்களின்மேல்
தலைகீழாய்க் கவிழ்த்தார்.
புளி வாசம்.

அடியில், உளியால் புள்ளி புள்ளியாக:
தெ. மு. உ.
"எங்கப்பச்சி வெட்டிக் குடுத்தாக.
அண்டா, அடுக்கு, குத்துவிளக்கு,
இடியாப்பக் குழல்வரைக்கும் இருக்கு.
என்ன வார்த்தை போடப்போறீக?"

மூன்றையும் வாசித்துக் காட்டினேன்.
முதல் இரண்டுக்கும் முகம் அசையவில்லை.
மூன்றாவதற்கு
தூக்கின் அடியை விரலால் ஒருமுறை தடவினார்.
"அதையே போடுங்க.
எந்த எழுத்துன்னு
அவுக கேக்கட்டும்."

மொழிபெயர்ப்பவன் பட்சம் பேசக்கூடாது.
பெரிய அகராதியை இறக்கித் தூசி தட்டினேன்.
அந்த ஆங்கிலச் சொல்லின் வேருக்கும்
லத்தீனில் எழுத்து என்றுதான் பொருளாம்,
பொடி எழுத்தில், அடைப்புக்குறிக்குள்.
இதையும் அவரிடம் சொல்லவில்லை.
டைப் அடித்தேன்:
எழுத்தின்படியான பொருளே கொள்க.

நூற்றைம்பதை எண்ணி வைத்தார், பத்து ரூபாய்த் தாள்களாய்.
இரண்டேகால் பஸ்ஸுக்கு ஓடியவர்
தூக்கின் மூடியை மறந்துவிட்டார்.

சாயங்காலம் மேசையை ஒதுக்கும்போது
அதைத் திருப்பிப் பார்த்தேன்.
அதிலும்.